வலது கைக்கு ஒரு துணி

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கையும் ஒரே நிறமில்லை. கூடங்குளம் பஸ் ஓட்டியவர். வலது கை வருஷக்கணக்காக ஜன்னல் வெயிலிலேயே கிடந்தது. இடது கை மாநிறம், வலது கை அடுப்புச் சட்டி. ஒரு கோடையில் அந்தக் கை சிவந்து கொப்புளித்துவிட்டது. இவர் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரை சிலருக்கு வெயிலைத் தாங்கவிடாது என்று டாக்டர் மாத்திரையை மாற்றினார். தடவ ஒரு களிம்பு தந்து, இனி கையை மூடியே ஓட்டச் சொன்னார்.

"நம்ம கருத்த தோலை வெயிலு என்ன செஞ்சிரும்ளா?" என்று வழியெல்லாம் சிரித்தார். களிம்பு தடவினால் ஸ்டியரிங் வழுக்குமாம். அதுவும் மூலைக்குப் போனது.

நான் விடுவேனா? என் ரவிக்கைத் துணியில் மிச்சமிருந்ததை எடுத்து, முழங்கைக்கு மேலிருந்து மணிக்கட்டு வரை ஒற்றைக் கை தைத்தேன். மெத்தென்ற பருத்தி, ரோஸ் கலரில் பூப்போட்டது. தினமும் காலையில் நானே மாட்டிவிடுவேன். சாயங்காலமும் மாட்டியபடிதான் வருவார். பரவாயில்லை, மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

இரண்டு கோடை போனது. மணிக்கட்டுக்கு மேலே ஒரு புண் வந்து ஆறவேயில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வெயிலால் வந்த தோல் புற்று என்று வெட்டி எடுத்து, தொடைத் தோலை ஒட்டினார்கள். கையை மூடச் சொல்லவில்லையா என்று கேட்ட டாக்டரிடம், "நாள் தவறாம மூடித்தான் அனுப்புதேன்" என்று சண்டைக்கே போனேன்.

பார்க்க வந்த கண்டக்டர் தம்பிதான் உண்மையைச் சொன்னார். "மதினி, அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டு வந்ததுமே அதைக் கழட்டிருவாவ. வீட்டுக்குப் போறப்பதான் திரும்ப மாட்டுவாவ. மொத நாளே, 'வீட்டம்மா ரவிக்கைய மாத்திப் போட்டுட்டு வந்துட்டீரா வே'ன்னு டிப்போவே சிரிச்சுட்டு."

தம்பி போனதும் கட்டுப்போட்ட கை என்றும் பார்க்காமல் இவரைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க பழைய காக்கியக் கிழிச்சுத் தச்சிருப்பேனே?"

"நீ ஆசையாத் தச்சது. எப்படிளா சொல்ல?"

காக்கி வீட்டில் கரித்துணியாகத்தான் கிடந்தது, எனக்குத் தோன்றவில்லையே. இப்போது அந்தக் கை முன்போல மடங்காது. வண்டியைக் கொடுக்காமல் டிப்போவுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். என் மனசு நோகக் கூடாதென்று தன் தோலைக் கருகவிட்ட மனுஷனை என்ன சொல்லித் திட்ட?