ரேடியோ வாய் திறக்காத வாரங்கள்

பூங்கா விடுதியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ரேடியோ. வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு நாலு பக்கத்துச் செய்தியும் தன்னால் காதில் வந்து விழும். விழுந்ததைப் பூட்டி வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. தோட்டக்காரருக்குப் பேரன் பிறந்த சங்கதி, தோட்டக்காரருக்குத் தெரிவதற்கு முன்பே சமையலறைக்குத் தெரிந்திருந்தது. போன் அவள் மேசைக்குத்தானே வரும்.

சமையலறை என்றால் அக்கா. ஏரியைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னல்கள் கொண்ட உணவுக்கூடமும் அதன் பின்னால் இருந்த அடுப்படியும் பல வருடங்களாக அவள் கையில்தான் இருந்தன. ரேடியோ அந்த விடுதிக்கு வந்ததே அக்காவால்தான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று உறுதியாகத் தெரிந்த வாரம், அவள் ஒரு பெட்டியோடும் நடக்கப் பழகியிருந்த மகளோடும் அக்காவின் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். அக்கா எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை அப்போதைய மேனேஜருக்கு முட்டையும் ரொட்டியும் தானே எடுத்துப் போய் வைத்துவிட்டு, "என் தங்கச்சி வந்திருக்கா சார். வாய் கொஞ்சம் நீளம். ஆனா வர்றவங்களை வரவேற்க வாய்தானே வேணும்?" என்றாளாம். வேலை கிடைத்தது, பிறகு வரவேற்பறைக்குப் பின்னால் தங்க ஓர் அறையும். மகள் அக்கா கைச் சாப்பாட்டிலேயே வளர்ந்தாள். "அம்மா" என்று கூப்பிட்டதைவிட "பெரியம்மா" என்று கூப்பிட்டதுதான் அதிகம்.

அந்த நாட்களில் விடுதி ஓட்டை உடைசலாகத்தான் கிடந்தது. மழை வந்தால் மாடி நடையில் வாளி வைக்க வேண்டும். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்கப் போகிறவர் கையோடு ஒரு கதைப் புத்தகமும் எடுத்துப் போவது நல்லது என்பாள் அக்கா. பிறகு புதிய மேனேஜர் வந்தார். கழுத்துப் பட்டை கசங்காத மனிதர். வந்த வேகத்தில் மேலிடத்தில் பேசி நிதி வாங்கிவிட்டார். கூரை மாறியது. சாவிக்குப் பதில் அட்டை வந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் படகுத்துறை வரைக்கும் தாங்களே போகும்படி சரிவுப் பாதை போட்டார்கள். முதல் நாள் ஒரு முதியவர் அதில் தானாகவே தண்ணீர் வரைக்கும் போய், திரும்பி, மறுபடியும் போனதை ரேடியோ மேசையை விட்டு எழுந்து வந்து நின்று பார்த்தாள். நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும்.

இந்த மாற்றங்களை ஊருக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. மாதாமாதம் 'விடுதிச் செய்திகள்' என்று ஒரு பக்கம் எழுதி, முன் வாசல் பலகையில் ஒட்டவும் வலைத்தளத்தில் போடவும் மேனேஜர் அவளையே பிடித்தார். "உங்க வாய்க்கு ஏத்த வேலை" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பக்கம் பலகையில் ஏறிய அன்று அக்கா ஈரக் கையைத் துடைத்தபடியே வந்து நின்று முழுதும் படித்தாள். "பரவாயில்லடி. வாயால செஞ்ச வம்பை இனிமே கையால செய்யப்போற" என்று தங்கையின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனாள்.

மழைக்காலம் முடியும் சமயம் மேனேஜர் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உணவுக்கூடத்தை வெளியில் ஒரு சாப்பாட்டுக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப் போகிறார்கள். அவர்களுக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். பழைய சமையலறை ஆட்களுக்கு வேலை கிடையாது. பின்பக்கத்துக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் போடப் போகிறார்கள்.

"உங்க அக்கா அங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். அடுத்த பக்கத்தை நீங்கதான் எழுதணும், அதனால முதல்லயே சொல்றேன். அது வெளிய வர்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. இங்க விஷயம் தெரிஞ்ச ஆளுங்க ரெண்டு பேரு. நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

அவர் மிரட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுடைய மகள் அப்போது வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

ஊர்ச் செய்தியெல்லாம் அடக்கத் தெரியாதவளுக்கு, சொந்த வீட்டுச் செய்தி மட்டும் எப்படியோ வயிற்றுக்குள் நின்றது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பாள். மறுநாள் போனால் அக்கா குவார்ட்டர்ஸ் அடுப்படிச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். நகரத்திலிருந்து அவள் மகனும் மருமகளும் லீவுக்கு வரப் போகிறார்களாம், பெயின்ட் அடிக்க வேண்டுமாம். "இந்தப் பச்சையா, இல்ல அந்த வெளிர் பச்சையா? நீதான் பெரிய எழுத்தாளியாச்சே, சொல்லு" என்று இரண்டு டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். ரேடியோ வெளிர் பச்சையைக் காட்டினாள். அக்கா அடித்து முடித்தாள்.

அதுகூடப் போகட்டும். அந்த வாரங்களில் நடந்த இன்னொன்றுதான் பெரியது. ஏரிக்கு அக்கரையில் இருந்த பள்ளி விடுதியில் தலைமைச் சமையல்காரி வேலை காலியானது. அவர்கள் அக்காவைத் தேடி வந்தார்கள். தங்க வீடும் உண்டு. அக்கா அன்று சாயங்காலம் கையில் தேநீரோடு வரவேற்பு மேசைக்கு வந்தாள். கூட்டமில்லாத நேரம்.

"அக்கரையில கூப்பிடறாங்கடி. போகவா?"

ரேடியோ மேசையிலிருந்த பதிவேட்டைப் புரட்டினாள். போ என்ற ஒற்றை எழுத்து போதும். ரகசியத்தை உடைக்க வேண்டியதில்லை, மேனேஜருக்குத் துரோகம் செய்ய வேண்டியதில்லை. நல்ல இடம், போ என்று யாரும் சொல்லக்கூடியதுதான். ஆனால் இந்த நேரத்தில் அக்கா வேலையை விட்டால் மேனேஜர் என்ன நினைப்பார் என்ற பயம் முன்னால் வந்து நின்றது. அதற்குப் பின்னால், அக்கா இல்லாத விடுதியில் தான் எப்படி இருப்பது என்ற எண்ணமும், கடைசி நேரத்தில் மேலிடத்தில் மனசு மாறினாலும் மாறலாம் என்ற நப்பாசையும் இருந்தன.

"உன் இஷ்டம்க்கா" என்றாள்.

"என்னடி இது, அரைக்கால் வார்த்தை. எதுக்கும் ஒரு மூட்டை பேசுவியே!" அக்கா சிரித்தாள். "நானும் யோசிச்சேன். இங்க என்ன குறை? நீ இருக்க, ஹாஸ்டல்லேர்ந்து சின்னவ லீவுக்கு வருவா. இத்தனை வருஷம் இருந்துட்டு இனிமே எதுக்குத் தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கிட்டு அலையணும்?" தேநீரைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த வார முடிவுக்குள் அக்கரைக்காரர்கள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

பக்கம் எழுத வேண்டிய நாள் வந்தது. சமையலறைப் பணியாளர்கள் விடைபெறுகிறார்கள் என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் படித்துவிட்டு, "கொஞ்சம் மொட்டையா இருக்கே, துக்கச் செய்தி மாதிரி. பாத்துப் பண்ணுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அவள் 'மனநிறைவோடு' என்ற சொல்லைச் சேர்த்தாள். அவர் சொல்லிக் கொடுத்த சொல் இல்லை அது. அவளே கண்டுபிடித்தது.

காலையில் பலகையில் ஒட்டினாள். ஒட்டிவிட்டு அங்கே நிற்க முடியாமல் கணக்கறைப் பக்கம் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அக்கா பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் பாத்திரம் கழுவும் இரண்டு பெண்கள். அதில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அக்கா திரும்பினாள்.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

ரேடியோ தரையைப் பார்த்தாள்.

"நான் சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சப்போ தெரியுமா?"

அழுதுகொண்டிருந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரேடியோவைப் பார்த்தாள்.

"அக்கரைக்குப் போகவான்னு கேட்டேனே, அப்போ?"

"அக்கா, மேனேஜர் வந்து... நான் சொன்னா என் வேலையும்..."

"மேனேஜரை விடு. அவன் எனக்கு யாரு? வேலை போறதுக்கு நான் அழல. கை காலு இருக்கு, எங்கயாவது பொங்கிப் போட்டுப் பிழைச்சுப்பேன். உன்கிட்ட நான் சேதியா கேட்டேன்? போகவான்னுதானே கேட்டேன்! போன்னு சொல்ல உனக்கு வாய் வரலையா?" அவள் குரல் உயரவே இல்லை. பலகைப் பக்கம் கையைக் காட்டினாள். "மனநிறைவோடன்னு போட்டிருக்க. யாரோட மனசுடி அது?"

அன்று மத்தியானச் சாப்பாட்டை அக்கா வழக்கம்போலவே முடித்துக் கொடுத்தாள். சூப்பில் உப்புக்கூடக் கூடவில்லை, குறையவில்லை. மாதக் கடைசியில் மகன் வண்டி கொண்டுவந்தான். லீவுக்கு வர வேண்டியவன் சாமான் ஏற்ற வந்தான். உதவிக்குப் போன ரேடியோவின் கையிலிருந்த பெட்டியை அக்கா பேசாமல் வாங்கி, தானே ஏற்றிக்கொண்டாள். அடுத்த வாரம் இயந்திரம் வந்தது. இடிந்து கிடந்த செங்கலுக்கு நடுவே வெளிர் பச்சைச் சுவர்த்துண்டு ஒன்று கொஞ்ச நாள் கிடந்தது. பிறகு லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

மகளுக்குச் செய்தி பெரியம்மா வழியாகப் போகவில்லை. வலைத்தளத்தில் அம்மா எழுதியதைத்தான் படித்திருந்தாள்.

"எனக்காகத்தான் சொல்லலைன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அம்மா" என்றாள் போனில். "எனக்குச் சோறு போட்டது யாருன்னு எனக்குத் தெரியும்."

அதையேதான் சொல்ல வாயெடுத்திருந்தாள் ரேடியோ.

புதிய உணவுக்கூடம் அழகாகத்தான் இருந்தது. நல்ல மேசைகள், தாழத் தொங்கும் விளக்குகள், ஏரிப் பக்கம் மரப்பலகை போட்ட திறந்த தளம். ஒரு சுவர் மட்டும் காலியாகத் தெரிந்தது. அங்கே விடுதியின் பழைய படங்களை மாட்டலாம் என்றார் மேனேஜர். அவரே தேடி எடுத்த படங்களில் ஒன்றில் அக்கா இருந்தாள். அடுப்புக்கு முன்னால், கையில் பெரிய கரண்டியோடு, யாரையோ பார்த்துச் சிரித்தபடி. "இதைத்தான் நடுவுல மாட்டணும். வர்றவங்களுக்கு இந்த மாதிரி பழைய முகம்தான் பிடிக்கும். கீழ ரெண்டு வரி எழுதிடுங்க" என்றார்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும் சார்."

"தாராளமா. லீவு போட்டுப் போய்ட்டு வாங்க."

அதைச் சாக்காக வைத்து ரேடியோ நகரத்துக்குப் போனாள். அதுவரை எத்தனையோ தடவை போன் செய்திருந்தாள். மருமகள் எடுத்து, "அத்தை வேலையா இருக்காங்க" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிடுவாள். மகன் வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. அக்கா ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் காய் நறுக்கும் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். தலைமை அங்கே வேறு யாரோ. கூடத்து சோபாவின் ஓரத்தில் அவள் படுக்கை சுருட்டி வைத்திருந்தது. கதவைத் திறந்தது அக்காதான்.

"வாங்க. உக்காருங்க."

ரேடியோ செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள். பிறந்ததிலிருந்து வாடி போடி என்ற வாய் அது. திட்டியிருக்கலாம், கதவைச் சாத்தியிருக்கலாம். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தாள், கீழே தட்டோடு.

"சர்க்கரை போதுமா பாருங்க."

"அக்கா, என்னை இப்படிப் பேசாதக்கா. அடிச்சிடு வேணும்னா."

"உங்களை ஏன் அடிக்கணும்? நல்லாத்தானே பேசறேன்." அக்கா தன் முந்தானையால் மேசையில் சிந்தியிருந்த ஒரு சொட்டைத் துடைத்தாள். "பஸ்ல வந்தீங்களா? கூட்டமா?"

படத்தைப் பற்றிச் சொன்னாள் ரேடியோ. சொல்லச் சொல்ல அவளுக்கே கேவலமாக இருந்தது. அக்கா கடைசி வரை கேட்டாள்.

"மாட்டிக்கோங்க. சுவத்துக்குத்தானே, எனக்கென்ன?" என்றாள். பிறகு வாசல் வரை வந்து, லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியில் பார்த்து இறங்குங்கள் என்று சொல்லி வழியனுப்பினாள்.

படம் மாட்டியாயிற்று. அடியில் இரண்டு வரிகளை அவள்தான் எழுதினாள். மேனேஜர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. படிப்பு முடித்த மகள் நகரத்திலேயே வேலை தேடிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மாவைப் பார்க்கப் போகிறாள். அம்மாவைப் பார்க்க விடுதிக்கு வருவதில்லை. இப்போது மேசையில் ரேடியோ, வருகிறவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. ரேடியோ என்று கூப்பிட்ட பழைய ஆட்களில் தோட்டக்காரர் மட்டும்தான் பாக்கி. சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களில் யாராவது நின்று, "அந்தப் படத்துல சிரிக்கறாங்களே, அவங்க யாருங்க?" என்று கேட்பதுண்டு.

"முன்னாடி இங்க சமைச்சவங்க" என்கிறாள் அவள்.