ஆலாத் திட்டில் ஒரு கூட்டம்

கூட்டம் கூட்டுகிற தொழிலில் பேசுவதைவிட இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. மேடை கேட்டு வீட்டுப் படலை படலையாக அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

ஆளில்லாத இடம்

அரியாலைக் கடலைக் குத்தகைக்கு எடுத்தவர், மீனவர் பிடித்ததில் பாதியை அள்ளிக்கொண்டிருந்த காலம். ஒரு கிழமை முழுக்க ஒருவரும் வலை வீசக்கூடாது என்று துண்டுப்பிரசுரம் எழுதினேன். அதை விளக்கிப் பேசக் கோவில் வீதி கிடைக்கவில்லை. பள்ளிக்கூட வளவும் கிடைக்கவில்லை. சந்தையடியில் ஊர் அதிகாரியான விதானையார் என்னை நிற்கவே விடவில்லை. அப்போதுதான் முழங்கால் தண்ணீருக்கு அப்பால் அந்த மணல் திட்டைக் கண்டேன். வேலியில்லை, விதானையில்லை. ஞாயிறு அங்கே கூடுவோம் என்று அறிவித்தேன்.

வைகாசியில் ஆலாப் பறவைகள் அங்கே வெறும் மணலில் முட்டையிடும் என்பதோ, அந்த நாட்களில் மீனவர் தோணியைத் திட்டுக்குக் கிட்டப் போகாமல் சுற்றிக் கொண்டுபோவார்கள் என்பதோ எனக்குத் தெரியாது. நான் தொடங்கிய மீனவர் சங்கத்தில் முதலில் சேர்ந்த கந்தையா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணை, அது சும்மா கிடக்கிற இடமில்லை. நாங்கள் விட்டு வைச்சிருக்கிற இடம்."

சேமக்கலம்

நான் கேட்கவில்லை. காலை பத்து மணிக்கு அறுபது பேரை நிறுத்தி வெண்கலச் சேமக்கலத்தை ஓங்கி அடித்தேன். திட்டே பெயர்ந்து மேலே போனதுபோல் அத்தனை ஆலாக்களும் ஒன்றாகக் கிளம்பின. காது கிழியும் கூச்சல். தலைக்கு நேரே பாய்ந்து கொத்த வந்தன. எச்சம் மழையாக விழுந்தது. சனம் என் பிரசுரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டது. அது எல்லாருக்கும் பயன்பட்டது அன்றுதான்.

இரண்டு தரம் மறியலில் கம்பி எண்ணியவன் பறவைக்கு வாய் மூடுவானா? குரலை உயர்த்தினேன். கந்தையாவின் மனைவி சின்னம்மா குறுக்கிட்டாள்: "உதுகள் உங்களோடை சண்டைக்கு வரேல்லை அண்ணை. முட்டையிலை வெயில் படுகுதெண்டு கத்துதுகள். கெதியா முடியுங்கோ."

கை தூக்கியவர்கள்

இரண்டு மணித்தியாலம் பேசினேன். பிற்பாதியில் ஆலாக்கள் கத்துவதை விட்டு உயரத்தில் வட்டமிட்டன. என் பேச்சுக்கு அடங்கிவிட்டன என்றே நினைத்தேன். வேலைநிறுத்தத்துக்கு அறுபது பேரும் கை தூக்கினார்கள். இறங்கும்போது கந்தையா ஒரு முட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுட்டது. கரைக் காகங்கள் எங்களுக்குப் பின்னாலேயே திட்டில் இறங்கின. திரும்பி வந்த ஆலாக்கள் முட்டைகளின்மேல் இருந்து பார்த்தன, எழும்பின, மறுபடியும் இருந்தன. பொழுது சாய முன் எல்லாம் ஒன்றாகக் கிளம்பித் தெற்கே போய்விட்டன.

மறுநாள் விடியற்காலை கை தூக்கிய அறுபது பேரும் வலையோடு நின்றார்கள். கந்தையாவும் நின்றார். "நீருமா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஆலா கடலிலை பாய்ஞ்சு விழுகிற இடத்திலைதான் அண்ணை எங்களுக்கு மீன். இனி ஆர் காட்டித் தாறது? கிடக்கிறதை இண்டைக்கே பிடிக்கவேணும்."

அடுத்த வைகாசி

ஒரு ஆலாவும் வரவில்லை. மீன் நிற்கும் இடம் தெரியாமல் தோணிகள் அங்குமிங்கும் அலைந்தன. குத்தகைக்காரருக்குப் பாதி கொடுக்கவும் மீனில்லை. கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கந்தையா என்னைக் கண்டதும் திட்டைக் காட்டினார்: "இப்ப அது சும்மாதான் கிடக்குது அண்ணை. கூட்டம் வைக்கிறதெண்டால் வையுங்கோ."

இத்தனை வருடத்தில் என் பேச்சைக் கேட்டு ஒன்று மிச்சமில்லாமல் வேலைநிறுத்தம் செய்தவை அந்த ஆலாக்கள் மட்டுந்தான்.