நான் உருவி வைத்த கடிதம்

1. பன்னிரண்டு செட்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு லெப்டினன்ட்டைத் தண்டனைக்கு அனுப்பப் பார்த்தேன். நல்லவேளை, அவர் காகிதத்தில் மட்டும் இருந்தவர்.

பச்சைத் தேயிலை விலை படுத்துவிட்ட வருஷங்கள் அவை. கோத்தகிரிப் பக்கம் நான் இலை வரவு எழுதும் லீஃப் கிளார்க்காக இருந்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். குன்னூரில், வெளிநாட்டு ராணுவ அதிகாரிகளுக்குப் போர்ச் சட்டம் சொல்லித்தரும் ஒரு பயிற்சி நிலையத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. ஒரு வாரம் டிரையல். வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். இதுவும் போனால் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

டைரக்டர் ராணுவத்தில் சட்ட அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், பொள்ளாச்சிக்காரர். ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார்.

"பன்னண்டு செட் போடுங்க அம்மணி. பத்து மணிக்கு கிளாஸ்."

பயிற்சிக்கான கற்பனைக் கதை. வடநாடு, தென்னாடு என்று இரண்டு நாடுகள். கிளர்ச்சியாளர்களை அடக்கத் தென்னாட்டு அரசு வடநாட்டுப் படையைக் கடிதம் எழுதி அழைக்கிறது. பின்னால் ஒரு விமான நிலையத்தில் வடநாட்டுப் படையும் ஒரு தென்னாட்டு லெப்டினன்ட்டும் சுட்டுக்கொள்கிறார்கள். லெப்டினன்ட் பிடிபடுகிறார். இது எந்த வகைச் சண்டை, அவரை என்ன செய்யலாம்? அதுதான் கேள்வி.

காகிதக் கட்டுக்குள் அந்த அழைப்புக் கடிதம் இருந்தது. கடைசியில் அதே லெட்டர்ஹெட்டில், அதே கையெழுத்தில் இன்னொரு கடிதமும் இருந்தது. எங்கள் ஃபேக்டரியில் இலை கொடுப்பவர் வருஷத் தொடக்கத்தில் ஒரு சம்மதக் கடிதம் தருவார். வருஷம் முழுக்க அது செல்லும். அப்புறம் அதே கையெழுத்தில் எது வந்தாலும் டூப்ளிகேட் என்று உருவி வைப்பது என் கைப்பழக்கம். இங்கேயும் படிக்காமலே உருவி வைத்தேன். சீக்கிரம் முடித்துவிட்ட பெருமை வேறு!

2. கிளாஸ் ரூம்

பதினொரு மணிக்கு அட்டெண்டன்ஸில் கையெழுத்து வாங்கப் போனேன். ஓர் அதிகாரி இங்கிலீஷில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அரசே கூப்பிட்ட படை, ஆகவே இது உள்நாட்டுச் சண்டை, அந்தப் படையைச் சுட்ட லெப்டினன்ட் கலகக்காரர், விசாரித்துத் தண்டிக்கலாம். மற்ற பதினொரு பேரும் தலையாட்டினார்கள்.

டைரக்டர் முகம் சிவந்தது. கடைசிக் காகிதத்தைக் கூடவா படிக்கவில்லை என்று அவர்களைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கடைசிக் காகிதம் நான் உருவி வைத்த கடிதம்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவர்கள் மேல். வேலை என் கையில். ஆனால் பாவம், பன்னிரண்டு பேரும் திருதிருவென்று காகிதத்தைப் புரட்டுகிறார்கள். ஓடினேன். மேஜை டிராயரிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, படியில் ஒரு செருப்பை விட்டுவிட்டு, மூச்சிரைக்க வந்து நின்றேன்.

"அவங்க மேல தப்பில்லீங்க சார். நாந்தானுங்க எடுத்து வெச்சுட்டேன்."

டைரக்டர் என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பிறகு கடிதத்தை வகுப்புக்குச் சத்தமாகப் படித்தார். "எங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம். முப்பது நாளில் வெளியேறவும்." சுட்டுக்கொண்டது நாற்பதாம் நாள்!

வகுப்பே எழுந்துவிட்டது. போ என்ற பிறகும் போகாமல் அந்த நாட்டுப் படையோடே மோதினால் அது இரண்டு நாடுகளுக்கு இடையே போர். லெப்டினன்ட் போர்க்கைதி. தன் நாட்டுக்காகச் சண்டை போட்டதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. முதலில் கலகக்காரர் என்றவரே மேஜையைத் தட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

3. டிரையல் முடிந்தது

மத்தியானம் டைரக்டர் கூப்பிட்டார். பையை எடுத்துக்கொண்டே போனேன்.

"இனி இந்த ஃபைல் எல்லாம் உங்க பொறுப்பு. தப்புப் பண்ணாத ஆளு கிடைப்பாங்க அம்மணி. செருப்பை உட்டுட்டு ஓடியாற ஆளு கிடைக்க மாட்டாங்க."

பத்தொன்பது வருஷம் அங்கே இருந்தேன். ஒரு முறை கூப்பிட்டது என்றைக்கும் கூப்பிட்டதாகாது. இன்றும் எந்தக் காகிதக் கட்டு கைக்கு வந்தாலும் கடைசிக் காகிதத்தைத்தான் முதலில் படிக்கிறேன்.