இருபது எண்ணுகிற மூச்சு

ஐந்தாம் வகுப்பில் எனக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. திண்டுக்கல்லில் எங்கள் பள்ளியிலேயே ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சிங்கம் பார்த்து வந்தவள் நான் ஒருத்திதான். அது எப்படி முறைத்தது, எப்படிக் கர்ஜித்தது என்று இடைவேளைதோறும் கேட்பார்கள்; நானும் கூசாமல் அடித்து விடுவேன். உண்மையில் அந்தச் சிங்கம் எங்களுக்கு முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அதையாவது நேர்மையாகப் பார்த்தேனா என்றால், அதுவும் இல்லை. அம்மாவை ஏமாற்றித்தான் பார்த்தேன்.

அம்மா ஒரு பாட்டுப் பைத்தியம். பஸ்ஸில் நல்ல பாட்டு ஓடினால் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்க மாட்டாள். பாட்டு முடிந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு திரும்பி நடப்பாள். கேட்பது மட்டுமில்லை, பாடவும் செய்வாள். பேகம்பூர்ப் பக்கம் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் நலுங்குப் பாட்டுக்கு அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் வகையறாவில் நலுங்குக்கு ஒரு சட்டம் உண்டு. கல்யாணப் பெண்ணுக்குச் சந்தனம் பூசும்போது பெண் வீட்டார் பாட வேண்டும். ஒவ்வொரு அடியையும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். நடுவில் மூச்சு விட்டோமோ, போச்சு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அந்த இடைவெளியில் புகுந்து கேலிப் பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். மூக்கு சப்பை, நடை கோணல் என்று பெண்ணைப் பாடித் தீர்க்காமல் விடமாட்டார்கள். அம்மா அந்த இடைவெளியை யாருக்கும் கொடுத்ததே இல்லை. அவள் பாடினால் எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்பார்கள்.

அப்படிப்பட்ட அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கழலை வந்து, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். உடம்பு தேறிவிட்டது, குரல் தேறவில்லை. கரகரவென்று ஆகிவிட்டது; பேசினாலே ஓட்டை பலூன் மாதிரி மூச்சு பாதியில் இறங்கிவிடும். டாக்டர் பயிற்சி செய்யச் செய்ய வரும் என்றார், எப்போது என்று சொல்லவில்லை. மூன்று மாதத்தில் சின்னம்மாவின் கல்யாணம் வைத்திருந்தார்கள். சின்னம்மா அம்மாவுக்கு ஒரே தங்கச்சி. அம்மா பாடிய பழைய கல்யாண வீடியோ ஒன்று மாமாவிடம் இருந்தது. அதை ஸ்பீக்கரில் போட்டுவிடலாம், மெஷினுக்கு மூச்சு வாங்காது, எவளும் இடையில் புக முடியாது என்று மாமா யோசனை சொன்னார். எல்லோருக்கும் அது பிடித்துப் போயிற்று.

“எந்தங்கச்சிக்கு நான்தான் பாடுவேன்,” என்றாள் அம்மா.

அத்தா, அதாவது என் அப்பா, அப்போது எத்தியோப்பியாவில், அடிஸ் அபாபாவில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தார். பரீட்சை லீவில் நாங்கள் அங்கே போவதாக ஏற்கெனவே பேச்சு இருந்தது. அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டுக்கூடம் உண்டு, அங்கே ஒரு வாரம் பாட்டும் ஆட்டமும் மூச்சுப் பயிற்சியும் நடக்கப் போகிறது என்று போனில் ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அம்மா அந்த வாரத்துக்கே டிக்கெட் போடச் சொன்னாள். எனக்குச் சிங்கம் காட்டுவதாக வாக்குக் கொடுத்துக் கூட்டிப் போனார்கள்.

அந்த ஊர் கொடைக்கானலைவிட உயரமாம். அத்தா வீட்டு மாடிப்படியில் இரண்டாவது மாடிக்குள்ளேயே எங்களுக்கு நாக்குத் தள்ளியது. இருக்கிற மூச்சும் போகிற ஊருக்கு மூச்சுப் பழக வந்திருக்கிறோமே என்று அத்தா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கே கூடத்து வாசலில் போய் நின்றாள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் சாம்பிராணி வாசனை அடித்தது. நம் ஊர்க் கடையில் வெள்ளிக்கிழமை போடுகிற அதே சாம்பிராணி. ஒரு மூலையில் காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பாயில் மல்லாந்து படுத்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ‘ம்’ என்று முடிந்த மட்டும் இழுக்க வேண்டும். மதியம் தோளை மட்டும் குலுக்கி ஒரு ஆட்டம். சாயங்காலம் பாட்டு. சொல்லிக்கொடுத்த பெண்மணி ஆறடி உயரம் இருப்பார். அவர் பேசிய இங்கிலீஷை அம்மாவுக்குத் தமிழில் சொல்வது என் வேலை.

பழைய வீடியோவில் ஒரு அடி எவ்வளவு நேரம் போகிறது என்று நாங்கள் முன்பே எண்ணிப் பார்த்திருந்தோம். சரியாக இருபது. முதல் நாள் அம்மாவுக்கு ஏழுதான் வந்தது. போனில் நேரம் பார்த்தால் பதற்றத்தில் மூச்சு இன்னும் குறைகிறது என்று கண்ணை மூடிக்கொள்வாள்; நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண வேண்டும். கூடத்தில் பத்து தடவை, வீட்டுக்கு வந்து பத்து தடவை, அடுப்படியில் வெஞ்சனம் கிண்டிக்கொண்டே பத்து தடவை. எனக்கு வெறுத்துப் போயிற்று. சிங்கம் எப்போது என்று கேட்டால், “இருபது வரட்டும், மறுநாளே போவோம்,” என்பாள்.

சாயங்காலப் பாட்டில் அம்மாவுக்கு ஒன்று புரியவில்லை. ஒருவர் நின்று பாடுவார். அவர் பாதி அடியில் நிறுத்துவதற்குள் கூடமே கைதட்டிக்கொண்டு மீதியைப் பாடிவிடும். நடுவில் புகுந்தவர்கள் மேல் பாடுகிறவருக்குக் கோபமே வரவில்லை. அது ஏன் என்று கேட்டுச் சொல்லும்படி என்னை அனுப்பினாள். அந்தப் பெண்மணி எனக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பாதி கொடுப்பதுதான் பாடுகிறவர் வேலை, மீதி மற்றவர்களுடையது, ஒருத்தி முழுவதையும் தானே பாடினால் பாவம் இவளுக்கு ஆளில்லை போல என்று நினைப்போம் என்றார். எனக்கு நல்ல பசி. “இங்க அப்படித்தானாம்மா,” என்று மட்டும் அம்மாவிடம் வந்து சொன்னேன்.

மூன்றாம் நாள் பத்து வந்தது. இந்த வேகத்தில் போனால் சிங்கத்தைப் பார்க்காமலே ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாலாம் நாள் காலை அம்மா கண்ணை மூடி இழுக்க ஆரம்பித்ததும் நான் கடகடவென்று எண்ணினேன். அவள் மூச்சு முடியும்போது இருபதைத் தொட்டிருந்தேன். அம்மா கண்ணைத் திறந்து என்னைச் செத்த நேரம் பார்த்தாள். பிறகு அத்தாவுக்குப் போன் போட்டு, நாளைக்கு லீவு போடுங்கள், பிள்ளைக்குச் சிங்கம் காட்டணும் என்றாள்.

சிங்கம் தூங்கிய கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

ஆறாம் நாள் சாயங்காலம் வந்தவர்களெல்லாம் அவரவர் ஊர்ப் பாட்டைப் பாட வேண்டும். அத்தாவும் வேலை முடித்து நேரே வந்திருந்தார். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நலுங்குப் பாட்டை எடுத்தாள். ‘பன்னீரு தெளிச்சு வச்சேன், பாயி விரிச்சு வச்சேன், பாசமுள்ள தங்கச்சியே வந்து ஒக்காரு’ என்பது முதல் அடி. பாய் வரைக்கும் வந்தாள். அங்கே மூச்சு நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. இருபது என்று நான் சொன்ன பொய்யை நம்பித்தான் எழுந்தாள் என்று நினைத்தேன். அத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனால் அந்தக் கூடத்தில் எங்கள் மூவரைத் தவிர வேறு யாருக்கும் அம்மா தோற்றது தெரியவில்லை. அவள் நிறுத்தியதும், தங்கள் முறை வந்துவிட்டது என்று எண்ணி, சொல் தெரியாவிட்டாலும் அதே மெட்டை எல்லோரும் கைதட்டித் திருப்பிப் பாடினார்கள். அவர்கள் முடிப்பதற்குள் அம்மாவுக்கு மூச்சு வந்துவிட்டது. மிச்ச அடியைப் பாடினாள். மறுபடியும் கூடம் பாடியது. அப்படியே முழுப் பாட்டும் நடந்து முடிந்தது. அம்மா உட்கார்ந்த பிறகும் வெகுநேரம் யோசித்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் முகத்தையே பார்க்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அம்மா பயிற்சியை நிறுத்திவிட்டு வீடு வீடாக ஏற ஆரம்பித்தாள். எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, சொக்காரரான பங்காளி வீடுகள் என்று ஒன்றும் பாக்கியில்லை. மாவரைக்கிற இடத்தில், துணி காயப்போடுகிற மாடியில், பிள்ளைக்குச் சோறூட்டுகிற நேரத்தில் போய் நின்று, ஒவ்வொரு அடியிலும் பின்பாதியைச் சொல்லிக்கொடுத்தாள். ‘நீ பாடி நாங்க கேப்போம்க்கா, நாங்க எங்கிட்டுப் பாட’ என்று வெட்கப்பட்டார்கள். அம்மா விடவில்லை, பாடிக் காட்டினால்தான் கிளம்புவேன் என்று உட்கார்ந்துகொண்டாள். நான் கூடவே போய்க் கூனிக் குறுகி நின்றேன். அம்மா பிச்சை கேட்பதாகவே எனக்குப் பட்டது, அதற்குக் காரணமும் நான்தான் என்று நினைத்தேன். ஒருநாள் திரும்பி வரும்போது தாங்க முடியாமல் அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“தெரியும்,” என்றாள். “நீ இருபதுன்னு சொன்னப்ப எனக்குப் பன்னண்டு. எம் மூச்சு எனக்குத் தெரியாதா?”

“பெறகு ஏம்மா அங்க எந்திரிச்சுப் பாடுன?”

“வராதுன்னு தெரிஞ்சா என்ன புள்ள, எம்புட்டுத் தூரம் வருதுன்னு பாக்கணும்ல. அழாத. நலுங்கன்னைக்கும் நீதான் எண்ணணும். பொய் சொல்லாம எண்ணு.”

நலுங்கன்று மாமா ஸ்பீக்கரைச் சார்ஜ் போட்டுத் தயாராகவே வைத்திருந்தார். மாப்பிள்ளையின் குப்பி, அதாவது அவர் அத்தாவின் அக்கா, கேலிப் பாட்டில் பேர்போனவர். அம்மாவுக்குக் குரல் போன சங்கதி காதுக்கு எட்டி, எதிரே முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த சின்னம்மா அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சந்தனத்தைத் தொட்டு எடுத்தாள். கரகரத்த அந்தப் புதுக் குரலிலேயே ஆரம்பித்தாள். நான் விரல் மடக்கி, நிதானமாக, ஒரு பொய்யும் இல்லாமல் எண்ணினேன். பன்னிரண்டில் மூச்சு நின்றது.

குப்பி வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் மொத்தமாக மிச்ச அடியைத் தூக்கிவிட்டார்கள். பந்தல் துணி அதிர்ந்த மாதிரி இருந்தது. அவர்கள் முடித்த இடத்தில் அம்மா அடுத்ததைப் பிடித்துக்கொண்டாள். ஒரு இடத்திலும் ஊசி நுழைய வழியில்லை. நாலாவது அடியில் குப்பியே கைதட்ட ஆரம்பித்துவிட்டார். சின்னம்மா தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா பாதிப் பாதியாகப் பாடிப் பாட்டைக் கெடுத்துவிட்டாள் என்று அழுகிறாள்போல என நான் நினைத்தேன். மாமாவின் ஸ்பீக்கர் பந்தி எப்போது ஆரம்பம் என்று அறிவிக்கப் பயன்பட்டது.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா என்னைத் தேடி வந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்து, கையில் சந்தனம் காய்ந்து போயிருந்தது.

“எம்புட்டு வந்துச்சு?”

அவள் முகம் வாடிவிடுமே என்று எனக்குச் சொல்லவே மனமில்லை. ஆனாலும் வாக்குக் கொடுத்திருந்தேன். பன்னிரண்டுதான் என்றேன்.

“சரியா எண்ணிப் பாரு,” என்று அம்மா சிரித்தாள்.

சரியாகத்தான் எண்ணினேன் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மடக்கிய விரல்களை நீட்டி நீட்டிக் காட்டி, பன்னிரண்டுக்கு மேல் ஒன்றுகூட இல்லை என்று அவளிடம் சண்டை போட்டேன். அம்மா நிறுத்திய இடத்தில் நானும் எண்ணுவதை நிறுத்தியிருந்தேன். தெருவே சேர்ந்து பாடிய மிச்ச எட்டையும் சேர்த்துத்தான் அவள் கேட்கிறாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.