பச்சைச் சாலையில் நின்ற புள்ளி

மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு போன் மேப்பில் அந்தப் புள்ளி நகர்வதை நிறுத்துகிறது. வைட்ஃபீல்ட் அலுவலகத்திலிருந்து வாடகைக் காரில் கிளம்பிய என் மகள், தான் வரும் வழியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிய புள்ளி. ஆம்பூரிலிருந்து வந்த பையோடு நான் விவேக் நகர் தேவாலய வாசலில் நிற்கிறேன்.

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மெழுகுத்திரி வெளிச்சம் ஈரத் தரையில் மிதக்கிறது. அவள் நிற்கும் சாலை சிவப்பாக இருக்கும்வரை எனக்குப் பயமில்லை, நெரிசல்தானே. பிறகு சிவப்பு மெல்லக் கரைந்து பச்சையாகிறது. மற்ற வண்டிகளெல்லாம் போய்விட்டன. அவள் புள்ளி மட்டும் சுரங்கப்பாதை ஓரத்தில் அசையாமல் கிடக்கிறது. அழைத்தால், ஸ்விட்ச் ஆஃப்.

"யாருக்குண்ணா வெயிட்டிங்?" மெழுகுத்திரி விற்கும் அம்மா கேட்கிறார்.

"பொண்ணுக்கும்மா. மழை பேஞ்சா அண்டர்பாஸ்ல தண்ணி நிக்குமா?"

"நிக்காம? ஒரு மெழுகுத்திரி ஏத்துங்க. டவரும் கிடைக்கும், பொண்ணும் வந்துடும்." சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு ஸ்டூலை நகர்த்துகிறார். "குந்துங்கண்ணா."

உட்கார முடியவில்லை.

நான் பார்த்துக்கொண்டிராத பக்கத்திலிருந்து ஓர் ஆட்டோ வந்து நிற்கிறது. நனைந்த துப்பட்டாவோடு மகள் இறங்கி ஓடி வருகிறாள்.

"மேப்ல ஒரே சிவப்பா இருந்துச்சுப்பா. காரை விட்டு எறங்கி மெட்ரோ புடிச்சுட்டேன். கார்ல இருக்கும்போதே போன்ல சார்ஜ் போச்சு. ஊருக்குப் புதுசு நீ, எங்க தொலைஞ்சியோன்னு வழியெல்லாம் அழுதுட்டே வரேன்."