மூன்றாம் ஞாயிற்றுச் செருப்புகள்

நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் குடிவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இங்கத்தைய தண்ணீரின் உப்பு பழகிவிட்டது. ஷேர் ஆட்டோவில் நான்கு பேர் இருக்கையில் ஏழாவது ஆளாக ஒடுங்கி உட்காரவும் பழகிவிட்டேன். இன்னமும் பழகாதது ஒன்றுதான். இந்த ஊரில் செருப்புகளை வாசலில், தெருவுக்குத் தெரியும்படி விட்டுவிடுகிறார்கள். டியூஷன் வகுப்பு, ஜெபக்கூட்டம், பல் வைத்தியர் வீடு, எங்கே பார்த்தாலும் ஒரு குவியல். எண்ணிப் பார்த்தால் உள்ளே எத்தனை பேர் என்று யாருக்கும் தெரிந்துவிடும். அதைப்பற்றி இவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. நானோ ஒரு வாசலையும் எண்ணாமல் கடப்பதில்லை.

இலங்கையில், எங்கள் ஊரில், சுற்றிவளைப்புக் காலத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராணுவம் ஒழுங்கைக்குள், அதாவது வீட்டுச் சந்துக்குள், இறங்கினால் முதலில் வாசலைத்தான் பார்ப்பார்கள். வீட்டில் நான்கு பேர் என்று நாம் சொல்லி, வாசலில் ஐந்து சோடிச் செருப்புக் கிடந்தால், அந்த ஐந்தாவது ஆள் எங்கே என்று கேட்டுத்தான் முதல் அடி விழும். ஆகவே எங்கள் ஒழுங்கையில் ஒரு வாசலிலும் செருப்புக் கிடக்காது. பொழுது சாய்வதற்குள் எல்லாம் உள்ளே போய்விடும். என் மனைவி இராசம் இங்கேயும் அப்படித்தான் செய்கிறாள்.

நாங்கள் இருப்பது ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளம். மாடியில் அருண் என்ற பையன் இருக்கிறான். தாம்பரத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறவன். தன்னைப் போன்ற பெடியள் சிலரைச் சேர்த்து மாதாமாதம் ஒரு கூட்டம் நடத்திவந்தான். முதலில் ஒரு கல்லூரி அறையில் நடந்ததாம். அறையைக் கொடுக்க மறுத்ததும் மாடிக்கு வந்துவிட்டார்கள். மாதத்தின் மூன்றாம் ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. ஆளுக்கொரு மடிக்கணினியோடு வந்து, தாங்கள் எழுதியதை மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். பிழை இருந்தால் சிரிப்பார்கள், பிறகு உட்கார்ந்து சேர்ந்து திருத்துவார்கள். காசில்லாமல், மேலதிகாரி இல்லாமல், ஞாயிற்றுக்கிழமையில். அதுவே எனக்குப் பெரிய விசித்திரம்.

மாடிப்படி எங்கள் வாசலுக்கு நேரே. அருணுடையதையும் சேர்த்துப் பதினொரு சோடிச் செருப்பு அங்கே கிடக்கும். "இஞ்சருங்கோ, உதுகளை ஒதுக்கமாய் வைக்கச் சொல்லுங்கோவன். பார்க்கவே நெஞ்சிடிக்குது," என்பாள் இராசம். ஆனால் தேநீர் போட்டு அனுப்புகிறவளும் அவள்தான். கொண்டுபோகிற சாக்கில் நானும் மேலே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். அவர்கள் பேச்சில் பாதி புரியும். ரொறொன்ரோவில் இருக்கும் மகளுக்கு எழுத அருண் எனக்கொரு மின்னஞ்சல் முகவரி திறந்து தந்தான்.

ஊரில் சண்டை முற்றிக்கொண்டிருந்த ஆண்டு அது. இங்கே எங்கள் பேச்சைக் கேட்டதும் கடைக்காரர் முகம் மாறத் தொடங்கிய ஆண்டு. நாங்கள் தங்குவதற்கான அனுமதியை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். எங்கள்மேல் புகார் ஏதுமில்லை என்று காவல் நிலையத்திலிருந்து ஒரு வரி போக வேண்டும். அந்த வரி போகாவிட்டால் அகதி முகாம்தான். இராசத்தின் முழங்கால்களோடு தகரக் கொட்டகையில், தண்ணீருக்கு வரிசையில். அடுத்த மாதம் எங்கள் முறை வரவிருந்தது.

அந்த மூன்றாம் ஞாயிறு செருப்புகளை எண்ணினேன். பதினொன்று சரி. அவற்றுக்குப் பக்கத்தில் மண்ணிறத்தில் ஒரு சோடிச் சப்பாத்து, இங்கே ஷூ என்பார்கள். நன்றாக மினுக்கி, முனை தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தது. அந்த நிறச் சப்பாத்தை இந்த ஊரில் பொலிஸ்காரர்தான் போடுவார்கள் என்பது ஆறு ஆண்டுகளில் எனக்குத் தெரியும்.

"ஆற்றையப்பா அது?" என்றாள் இராசம்.

"ஆரோ புதுப் பெடியன்," என்றேன்.

மேலே போனால் பெடியன் இல்லை. நாற்பது வயது மதிக்கத்தக்கவர், ஒட்ட வெட்டிய முடி, என் வழக்கமான கடைசி நாற்காலியில். மடிக்கணினி இல்லை. டேட்டா என்ட்ரி வேலை, கற்றுக்கொள்ள வந்ததாக அருணிடம் சொன்னாராம். யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது அவர்கள் கூட்டத்தின் விதி. நான் தேநீர் நீட்டியதும் சிரித்தார்.

"சிலோனா சார்? பேச்சுலயே தெரியுது. அங்க சண்டை ஜாஸ்தியாமே. சொந்தக்காரப் பசங்க யாரனா வந்துகினு போய்கினு கீறாங்களா?"

"இல்லை ஐயா. நாங்கள் இரண்டு பேர்தான்."

"டீ சூப்பர் சார்," என்றார்.

அன்றைக்குப் பார்த்து அவர்கள் ஒரு புதுக் காரியம் வைத்திருந்தார்கள். ஜெனிபர் என்று ஒரு பிள்ளை, பம்மலில் ஆசிரியர் வீட்டுப் பெண், அதை நடத்தினாள். ஒவ்வொருவருடைய கணினியிலும் அவருக்கென்று ஓர் அடையாளம் உண்டு: நான்கு நான்காகப் பத்துத் தொகுதி, மொத்தம் நாற்பது எண்ணும் ஆங்கில எழுத்தும். அதை அவர் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். பிறகு வரிசையில் நின்று புகைப்பட அட்டையைக் காட்ட வேண்டும். மற்றவர்கள் அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, திருப்தியானால் வீட்டுக்குப் போய்த் தங்கள் கணினியில் அந்த அடையாளத்துக்குக் கையொப்பம் இடுவார்கள். பிறகு உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் இந்த ஆள் இன்னார்தான் என்று நம்பலாமாம்.

"அங்கிள், நீங்களும் வாங்க. உங்களுக்கும் ஒண்ணு அருண் போட்டு வெச்சிருக்கான்," என்றாள் ஜெனிபர்.

"என்னட்டை இருக்கிறது பொலிஸ் பதிவுத்தாள்தான் பிள்ளை."

வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். "போட்டோ இருக்கு, கவர்ன்மென்ட் சீல் இருக்கு. போதும் அங்கிள். நீங்க கவர்ன்மென்ட்டுக்குத் தெரிஞ்ச ஆளு. எங்களவிட சேஃப்!" எல்லோரும் சிரித்தார்கள்.

மின்விசிறி போதாமல் தெருப்பக்க ஜன்னல்கள் இரண்டும் திறந்திருந்தன. ஒருவர் பின் ஒருவராக வாசித்தார்கள். என் முறை வந்தபோது நானும் வாசித்தேன், வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கும் பழைய குரலில். வாசித்து முடித்தபோதுதான் எதிர்வீட்டு மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா அசையாமல் எங்களையே பார்ப்பதைக் கண்டேன். இலங்கைக்காரன் வீட்டில் ஞாயிறு மாலை கூட்டம் போட்டு உரத்த குரலில் எண்கள் வாசிக்கிறார்கள். பன்னிரண்டு பேர், நானூற்றெண்பது குறிகள்.

பிறகு வரிசை. நான் கடைசியாக இப்படி வரிசையில் நின்றது ஊரில், எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில். முன்னால் ஜீப்பில் சாக்கால் தலையை மூடிய ஒருவன், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி என்போம். ஒவ்வொருவராக அவன் முன் போய் நிற்க வேண்டும். அவன் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் போக முடியாது. எனக்கு முன்னால் நின்றவன் என்னிடம் படித்தவன். தலை ஆடியது. இங்கே இந்தப் பெடியள் என் தாளைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். பதினொரு தலை. ஆட்டியதும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"சார், உங்க ஐடி?" ஜெனிபர் கடைசி நாற்காலியிடம் கேட்டாள்.

"கொண்டாரல மா. வூட்ல கீது."

"அப்ப உங்கள யாரும் சைன் பண்ண முடியாது சார். ரூல்."

"அதாவது நீங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தம் சார்," என்றான் அருண். மறுபடி சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. மீதித் தேநீரைக் குடித்து, கிளாஸை என் கையில் தந்துவிட்டுப் படியிறங்கினார். அந்த அறையில் அவர் யார் என்று தெரிந்திருந்தது எனக்கு மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை காலை காவல் நிலையத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. இராசம் மருந்துப் பையை என் கையில் வைத்தாள். ஊரில் ராணுவம் கூட்டிப்போனபோதும் அப்படித்தான் செய்தாள். பதிவேடு எழுதும் காவலரை இங்கே ரைட்டர் என்கிறார்கள். அவர் ஒரு துண்டுக் காகிதத்தை என்முன் தள்ளினார். ஞாயிறன்று நான் வாசித்த அடையாளம், வேறொருவர் கையெழுத்தில். என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. முப்பத்தொன்பது. ஏழாவது தொகுதியில் ஒன்று விட்டுப்போயிருந்தது. சொல்லலாமா என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

"இன்னாது பெர்சு இது?"

"அது என் பெயர் மாதிரி ஐயா. கம்ப்யூட்டரில். ஒருவரை ஒருவர் நம்புவதற்கு."

"நம்புறதுக்கு இம்மாம் நீளமா? இவ்ளோ நாளு இத வெச்சித்தான் நம்பிகினு இருந்தியா?" அவர் எங்கள் கோப்பை மூடி மற்றக் கோப்புகளின் அடியில் செருகினார். "ரினீவலு அடுத்த மாசம்தான? பாக்கலாம் போ."

வீட்டுக்கு வந்து அருணிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலை நிலையத்திலிருந்து திரும்பவும் ஆள் வந்தது. போனால், அங்கே பதினொரு பேரும் நிற்கிறார்கள், வேலைக்கு லீவு போட்டு, கழுத்தில் அலுவலக அட்டையோடு, வரிசையாக.

"கவலைப்படாதீங்க அங்கிள். பதினோரு பேர் நேர்ல வந்து இவர் இவர்தான்னு சொன்னா யாரும் மறுக்க முடியாது. அதுதான சிஸ்டமே," என்றான் அருண். அவன் முகத்தில் சந்தேகம் என்பது துளியும் இல்லை. அவர்கள் உலகத்தில் அது அப்படித்தான் வேலை செய்கிறது.

ரைட்டர் அமைதியாக எல்லோருடைய அட்டைகளையும் வாங்கினார். பெரிய பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக, தகப்பன் பெயரோடு, விலாசத்தோடு எழுதத் தொடங்கினார். ஜெனிபர் எட்டிப் பார்த்தாள். "சார், தப்பா எழுதிட்டீங்க. வீட்டு நம்பர் பதினாலு." அவர் நன்றி சொல்லித் திருத்தினார். அப்போதுதான் அருணின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அவன் ஒரு வேலைக்கு அமெரிக்கா போகக் காத்திருந்தான். பாஸ்போர்ட் விசாரணை அதே நிலையத்துக்குத்தான் வரவேண்டும்.

என் எழுபது ஆண்டுகளில், நான் நான்தான் என்று சொல்லப் பதினொரு பேர் ஓரிடத்தில் வந்து நின்றது அன்று ஒருநாள்தான். அன்றுபோல் நான் பயந்ததும் குறைவு. அது எனக்கான பயமாக மட்டும் இருக்கவில்லை.

எங்கள் அனுமதி புதுப்பிக்கப்பட்டது, வழக்கமான ஓராண்டுக்குப் பதில் மூன்று மாதத்துக்கு. அருணின் விசாரணைத்தாள் வரவேயில்லை. விசாரித்தபோது மேலே அனுப்பியாயிற்று என்றார்களாம். எங்கே மேலே என்று சொல்லவில்லை. அமெரிக்க வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. என்னிடம் அவன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "கூட்டத்தை வேறை எங்கையாவது வையுங்கோ தம்பி," என்றேன். "எங்க வெச்சாலும் இப்ப வருவாங்க அங்கிள். இங்கன்னா ஆன்ட்டி டீயாவது கிடைக்கும்," என்றான்.

இன்று மூன்றாம் ஞாயிறு. பகலிலேயே இராசம் எங்கள் செருப்புகளை உள்ளே எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். "இண்டைக்கு மேலை போகவேண்டாம்," என்று ஒருமுறைதான் சொன்னாள். பிறகு தேநீர் போட்டாள், எத்தனை கிளாஸ் என்று கேட்காமல். ஜெனிபர் வந்தாள். மற்றும் சிலர். மூன்றரைக்குப் பிறகு யாரும் வரவில்லை. மாடி ஜன்னல்கள் இரண்டும் சாத்தியிருக்கின்றன.

படியடியில் அருணுடையதோடு ஐந்து சோடிச் செருப்பு. பக்கத்தில் மண்ணிறச் சப்பாத்து ஒரு சோடி, முனை தெருவைப் பார்த்தபடி. நான் வெறுங்காலோடு மேலே வந்து, என்னுடையது இல்லாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே ஆறு. மேலே ஏழு பேர். எண்ணுகிறவர் எண்ணினால் ஒன்று இடிக்கும்.