வலி போய்விட்டது என்று மாலை போட்டார்கள்

பெரியப்பா கழுத்தில் தொங்கிய கறுப்பு ரப்பர் குழாயை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டாக்டர்கள் நெஞ்சில் வைத்துக் கேட்பார்களே, அந்தக் குழாய்தான். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுப்பது, டாக்டர் வராத நாட்களில் தானே டாக்டர் என்று நினைத்துக்கொள்வது, இதுதான் அவர் பார்த்த உத்தியோகம். மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பேராங்கில் எங்கள் தெருவிலேயே குடியேறிய பிறகும் குழாயைக் கழற்றவில்லை. மீன் வாங்கப் போனாலும் கழுத்தில் குழாய், கோப்பிக் கடையில் பசியாற உட்கார்ந்தாலும் குழாய். சாம்பார் பட்டுப் பட்டு அதன் முனை மஞ்சளேறிக் கிடந்தது. வெட்கமில்லாத மனுஷன்.

ஊரும் அதற்கு ஏற்ற ஊர்தான். எங்கள் தெருவில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தோட்டத்தில் ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்பதை அவன் உடம்பா முடிவு செய்யும்? டிரஸர் தலையசைத்தால்தான் அவன் நோயாளி. இல்லையென்றால் காய்ச்சலோடு பால்மரம் வெட்டப் போக வேண்டியதுதான். அந்தப் பயம் டவுனுக்கு வந்தும் தெளியவில்லை. தன் வயிறு வலிக்கிறதா இல்லையா என்பதைக்கூட டிரஸர் ஐயாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஜனங்கள்! என் அப்பாவும் அதே ரகம். அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, நாலு எழுத்து படித்தவர். ஆனால் அண்ணன் வாசலில் நிழலாடினால் போதும், மடித்துக் கட்டிய கைலியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பார்.

மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே கொடி தைத்துக்கொண்டிருந்த சமயத்தில் அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. துவைத்த கம்பளியைக் கொடியில் போடத் தூக்கியவள், குனிந்தது குனிந்தபடியே நின்றுவிட்டாள். இடுப்பில் தொடங்கிய வலி இடது தொடை வழியாக இறங்கிப் பெருவிரல் வரை வெட்டி இழுத்தது. இருமினால் அலறுவாள். பெரியப்பா வந்தார். பலகையில் படுக்க வைத்தார், காலைப் பிடித்து இழுத்தார், மூச்சு முட்டுகிற மாதிரி இடுப்பில் துணி சுற்றினார், நாற்றமடிக்கிற தைலம் ஒன்றைத் தேய்க்கச் சொன்னார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

கடைசியில் வலி பொறுக்காமல் அவளே அடம்பிடிக்கவும், அப்பா பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், குத்திப் பார்த்தார். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வில்லை பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நசுக்குகிறது என்றார். சிங்கப்பூருக்குப் போய் முதுகைத் திறந்து அதை எடுக்க வேண்டும், தாமதிக்காதீர்கள் என்றும் சொன்னார். அப்பா நேராக எங்கே போனார்? அண்ணனிடம்தான்.

பெரியப்பா எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று கத்தியது இன்றும் காதில் இருக்கிறது. "ஏண்டா, புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு? முதுகுத்தண்டுல கத்தி வைக்கிறது என்ன கோழி அறுக்கிற வேலையா? மெர்டேக்கான்னு சொன்னதும் வெள்ளக்கார டாக்டருங்க மூட்ட கட்டிக்கிட்டு நிக்கிறானுங்க. கப்பலுக்கு நேரமாச்சுன்னு அவசரத்துல வெட்டுவான்லா. அப்புறம் இவ படுத்த படுக்கதான்."

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "வெட்டுனா வெட்டட்டும் மாமா. நான் போறேன். இந்த வலிக்கு அது மேலு."

"நீ சும்மா இரு, அண்ணன் பேசிக்கிட்டு இருக்காருல்ல" என்றார் அப்பா. என் அம்மாவின் முதுகைப் பற்றிய பேச்சில் அம்மாவுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

பிறகு ஒரு காலையில் வலி நின்றுவிட்டது. தேய்ந்து குறையவில்லை, ஒரேயடியாக நின்றுவிட்டது. செய்தி கேட்டுத் தெருவே திரண்டது. பெரியப்பா எல்லோர் முன்னிலையிலும் அம்மாவின் இடது பெருவிரலை அழுத்தி, "வலிக்குதாம்மா?" என்று கேட்டார். "இப்பத் தொட்டீங்களா மாமா?" என்று கேட்டாள் அம்மா. அதைக் கேட்டுக் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அட மூதேவிகளா! ஒரு பெண் தன் காலைத் தொட்டதே தெரியவில்லை என்கிறாள், நீங்கள் கைதட்டுகிறீர்கள். யாரோ ஓடிப் போய் ரோஜா மாலை வாங்கி வந்தார்கள். அதைப் பெரியப்பாவுக்குப் போட்டார்கள். வலியைப் பட்டவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வலி தீர்ந்தால் அம்மா பால்குடம் எடுப்பாள் என்று மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார் அப்பா. திருவிழா அன்று உச்சி வெயில், தார் இளகிக் குழைந்து கிடந்தது. மற்ற பெண்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினார்கள். அம்மா ஒருத்திதான் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, இடது காலை லேசாக இழுத்து இழுத்து, நிதானமாக நடந்தாள். "சூடே தெரியல பாருங்க! இதுதான் பக்தி" என்று பெரியப்பா ஊர்வலம் முழுக்கப் பீற்றிக்கொண்டு வந்தார். சில பெண்கள் அம்மாவின் காலில் விழுந்து கும்பிட்டார்கள்.

சாயங்காலம் அந்தப் பாதத்தைப் பார்த்தேன். தோல் கழன்று, தாரும் மணலும் சதையில் ஒட்டியிருந்தன. அம்மாவோ உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பீபிக், பல தலைமுறையாக மலாக்காவில் மலாய் பேசியே வாழும் சிட்டிக் குடும்பத்து அம்மாள், கெபாயா மேல்சட்டையைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "காக்கி சுடா மாத்தி" என்றார் மலாயில். கால் செத்துவிட்டது என்று அர்த்தம். அவருக்குத் தமிழ் வராது, டிரஸர் ஐயாவின் பெருமையும் தெரியாது. அதனால் கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டார்.

மறுபடி பெரிய ஆஸ்பத்திரி. நரம்பு நசுங்கிச் செத்துப் போனதால்தான் வலி நின்றது, இனி வெட்டிப் பயனில்லை என்று டாக்டர் சொன்னபோது, அப்பா அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதன்பின் அம்மாவின் பாதம் தொங்கியே போனது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடப்பாள். பிறகு துணிக் கிழிசலால் அதைக் காலோடு கட்டிக்கொள்ளப் பழகினாள். தெங்கேராவில் அவள் பிறந்த வீட்டுக்கு நடந்தே போய்வந்தவள், தெருமுனையோடு நின்றுபோனாள்.

போன வருடம் எனக்கும் அதே முதுகு, அதே வில்லை, அதே இடது கால். டாக்டர் என் பேத்தி வயதுப் பெண். முதுகைத் திறக்கவெல்லாம் இல்லை. பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு துளை, அதில் ஒரு குழல், அதன் நுனியில் விளக்கும் கேமராவும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, நான் விழித்திருக்கும்போதே வேலையைத் தொடங்கினாள். "பாட்டி, காலுல ஏதும் சுருக்குன்னா ஒடனே சொல்லுங்க. ஒங்க கால் சொல்றதத்தான் நான் கேக்கணும்" என்றாள். திரையில் வெள்ளை நார் மாதிரி என் நரம்பு தெரிந்தது. குப்புறப் படுத்தபடி அழுதேன். வலிக்கிறதா என்று பதறினாள். வலியில்லை, கோபம் என்றேன். அன்று சாயங்காலமே எழுந்து நடந்தேன். இப்போது கிளேபாங் கடற்கரையில் காலாற நடக்கிறேன். அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது என்று உறவுக்காரர்கள் பெரியப்பாவுக்குப் பரிந்து பேசுவார்கள். கேமரா இல்லைதான். முதுகைத் திறப்பது பெரிய விஷயம்தான், பயப்படுவதும் நியாயம்தான். அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் போயிருந்தால் நானும் மன்னித்திருப்பேன்.

அம்மாவின் கால் செத்துச் சில வருடம் கழித்துப் பெரியப்பாவுக்கே முதுகு போனது. பலகையில் படுத்தாரா, தைலம் தேய்த்தாரா? யாரிடமும் மூச்சு விடாமல் டாக்சி பிடித்துச் சிங்கப்பூர் போய், முதுகைத் திறந்து தைத்துக்கொண்டு, தன் காலில் நடந்து வீட்டுக்குள் வந்தார். அப்பா சொன்னாரென்று அம்மா மிளகு ரசம் வைத்து, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு காலை இழுத்தபடி போனாள். நானும் கூடப் போனேன். கூடம் நிறைய ஆட்கள். நடுவில் பெரியப்பா.

"வலி இருக்கிறப்பவே போயிடணும்லா" என்று விளக்கிக்கொண்டிருந்தார். "வலி நின்னு கால் மரத்துப் போச்சுன்னா நரம்பு செத்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் எந்தக் கொம்பன் வெட்டுனாலும் திரும்பாது. தோட்டத்துல எத்தன பேரப் பாத்திருக்கேன்!"

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பவே தெரியுமா மாமா?"

பெரியப்பா கொஞ்சங்கூடக் கூசாமல் சிரித்தார். "நீ வீட்டுக்குள்ளதானேம்மா நடக்கப் போற. நான் நாலு எடத்துக்குப் போய்வர்ற ஆளு."

அம்மா நிலையிலிருந்து கையை எடுத்தாள். ரசத்தோடு வீட்டுக்குத் திரும்பினாள். பல வருடம் கழித்து அவர் செத்துப் போனபோது, அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து அவளைக் கூப்பிட்டார். மேளச் சத்தம் எங்கள் வீட்டுக் கூடம் வரை கேட்டது.

"நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் அம்மா. "நான் வீட்டுக்குள்ள நடக்கிறவ. அவ்வளவு தூரம் என்னால வர முடியாது."